யாழ்ப்பாணத்தில் கிராஃப்ட் பியர் ஆலை வந்தால் எங்கள் கிணறுகளுக்கு என்ன நடக்கும்?

கேள்வி இதுதான்: "வலிகாமத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில், வெளிநாட்டில் இருந்து திரும்பிய ஒருவர் சிறிய பியர் ஆலை தொடங்க யோசிக்கிறார். கிராஃப்ட் பிரூவரி என்றால் சூழலுக்குக் கெடுதல் குறைவு, ஐரோப்பாவில் இவைதான் முன்மாதிரி என்கிறார். நம்பலாமா?"

நான் நோர்வேயின் மேற்குக் கரையில் அப்படி ஒரு சிறிய ஆலையில் ஆறு வருடம் வேலை செய்தவன். தாங்கி கழுவத் தொடங்கி, கடைசி இரண்டு வருடம் காய்ச்சுகிற வேலையும் பார்த்தேன். இப்போது உரும்பிராயில் பெரியப்பாவின் தோட்டத்துக்குப் பக்கத்துக் காணியில் இருக்கிறேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அங்கே கண்ணால் கண்டதைச் சொல்கிறார். ஆனால் அந்த ஆலையின் கீழே இருந்தது கருங்கல் மலை. எங்கள் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். முழு விஷயமும் அதில்தான் கிடக்கிறது.

நாங்கள் ஒரு தடவைக்கு 1000 லீற்றர் காய்ச்சுவோம். முளைக்கவைத்து உலர்த்திய பார்லியை (மோல்ட் என்பார்கள்) வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்தெடுத்த பிறகு, தாங்கிக்குள் ஈரச் சக்கை மட்டும் கிடக்கும். கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடிக்கும். பனங்கிழங்கு அவிக்கிற பானையைத் திறந்தது போல வாசம். சவளால் அள்ளி அள்ளி வாளியில் போட வேண்டும். 100 லீற்றர் பியருக்கு ஏறக்குறைய 20 கிலோ சக்கை, அதாவது ஒரு காய்ச்சலுக்கு 200 கிலோ. மத்தியானத்துக்குள் பக்கத்துப் பண்ணைக்காரர் டிரக்டரோடு வந்து மாடுகளுக்கு ஏற்றிப்போவார். புரதம் நிறைந்த நல்ல தீனி. அங்கே குளிரில் மூன்று நாலு நாள் தாங்கும். எங்கள் வெயிலில் அடுத்த நாளே புளித்து நாறத் தொடங்கிவிடும், பூஞ்சணம் பிடித்தால் மாட்டுக்குக் கூடாது. ஆகவே மாடு வைத்திருக்கிற நாலு ஐந்து வீட்டோடு முதலே கதைத்து, காய்ச்சுகிற அன்றே பங்கிட்டுக் கொடுக்க ஒழுங்கு இருக்க வேண்டும். செய்யக்கூடிய காரியம்தான்.

தண்ணீர்தான் எனக்குப் பயம். அதிலும் அளவைப் பற்றிய பயம் குறைவு. பெரிய ஆலைகளில் நல்லவை ஒரு லீற்றர் பியருக்கு மூன்று நாலு லீற்றர் தண்ணீரோடு முடித்துவிடும். சிறிய ஆலைகளில் ஏழு, சில இடத்தில் அதற்கும் மேல் போகும். தாங்கி சின்னதானாலும் கழுவுகிற வேலை அதேதான். கிழமைக்கு 2000 லீற்றர் காய்ச்சினால் 14,000 லீற்றர் தண்ணீர் என்று வைப்போம். பெரியப்பா பத்துப் பரப்பில் (ஏறக்குறைய 2,500 சதுர மீற்றர்) வெங்காயம் நடுகிறார். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறைத்தாலே 12,000 லீற்றரைத் தாண்டும். ஆலைக்கு ஒரு கிழமைக்குத் தேவையானது ஒரு வெங்காயத் தோட்டத்தின் ஒரு நாள் இறைப்பை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். "எங்கட தண்ணியை எல்லாம் உறிஞ்சிப் போடுவாங்கள்" என்று சண்டைக்குப் போனால் நாங்கள் தோற்போம். இறைக்கிற கணக்கில் தோட்டக்காரர் நாங்கள்தான் முன்னுக்கு நிற்கிறோம்.

பயப்பட வேண்டியது வெளியே போகிற தண்ணீருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நாள், புளிக்கவைத்த தாங்கியின் அடியில் தங்கிய ஈஸ்ட் சேற்றை வாளியில் பிடிக்காமல் அப்படியே வடிகாலில் திறந்துவிட்டேன். பால்கோப்பி நிறத்தில் தடிப்பாக, நுரைத்து நுரைத்து ஓடியது. முதலாளி ஓடிவந்து வால்வை மூடினார். அவர் சொன்னது இன்னும் நினைவில் நிற்கிறது: இதை நீ ஊற்றினாய், நகரத்தின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒருவர் ஒக்சிசன் கொடுத்து இதை எரிக்க வேண்டும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஒக்சிசன் தேவை என்பதை பி.ஓ.டி. என்று அளப்பார்கள். வீட்டுக் கழிவுநீரில் அது லீற்றருக்கு 200, 300 மில்லிகிராம். பியர் ஆலைக் கழிவுநீரில் ஆயிரங்களில் போகும். ஒரு லீற்றர் பியரையே அப்படியே கொட்டினால் சில நூறு லீற்றர் வீட்டுக் கழிவுநீரின் பாரம். இலங்கைச் சட்டப்படி ஆற்றிலோ குளத்திலோ விடுகிற கழிவுநீரில் அது லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அங்கே என் பிழையைத் தாங்க ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் நகரம் முழுதுக்கும் ஒரு கழிவுநீர்க் குழாய் வலையே இல்லை. ஊற்றுகிறது எல்லாம் குழிக்குள், குழியில் இருந்து கல்லுக்குள். ஓடிப்போய்க் கடலில் விழ வற்றாத ஆறும் இல்லை. வழுக்கியாறும் மாரியில்தான் ஆறு. சுண்ணாம்புக் கல்லில் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் மண் வடிகட்டித் தரும் என்றும் நம்ப முடியாது. ஒரு கோடையில் பெரியப்பாவின் கிணற்றைக் கலக்கி இறைத்தபோது நானும் உள்ளே இறங்கினேன். கிழக்குச் சுவரில் கையை முழங்கை வரை விடக்கூடிய ஒரு கண். அதற்குள்ளால் குளிர்ந்த தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்தது. "இது எங்கயிருந்து வருது பெரியப்பா?" என்று கேட்டேன். "அது ஆருக்குத் தெரியும் தம்பி, ஆருடையோ கிணத்தில இருந்து" என்றார். சுன்னாகத்தில் மின் நிலையத்தை அண்டிய நிலத்தில் விழுந்த எண்ணெய்க் கழிவு சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்ததையும், 2019 இல் உச்ச நீதிமன்றம் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னதையும் நாங்கள் மறக்கவில்லை. வந்த காசு கிணற்றைப் பழையபடி ஆக்கவில்லை.

இன்னொரு விஷயத்தை அந்த மனிதரிடம் கட்டாயம் கேளுங்கள். எங்கள் தண்ணீரில் கல்சியம் கூட. தாங்கியில் வெள்ளையாய்க் கல் படியும். அதைக் கரைக்கப் பல ஆலைகளில் நைத்திரிக் அமிலம் கலந்த திரவம் பாவிப்பார்கள், அதற்கு முன் கோஸ்டிக் சோடா. பசளையாலும் மலக்குழியாலும் ஏற்கனவே நைத்திரேற்று ஏறிப்போன நிலத்தடி நீருக்கு இன்னும் நைத்திரேற்று தேவையில்லை. பொசுபோரிக் அமிலம், சித்திரிக் அமிலம் பாவிக்கலாம், விலை கொஞ்சம் கூட. தண்ணீரை மென்மையாக்க ஆர்.ஓ. (உப்பைப் பிரித்தெடுக்கும் வடிகட்டி) பூட்டினால் உள்ளே போவதில் ஒரு பங்கு உப்புநீராக வெளியே வரும். அதையும் எங்கோ விடத்தானே வேண்டும்?

பிறகு சூடு. கொதித்த சாற்றை 20 பாகைக்குக் குளிரவைத்துத்தான் ஈஸ்ட் போடுவோம். நோர்வேயில் குழாய்த் தண்ணீரே ஐஸ் மாதிரி. அதைச் சாற்றுக்குப் பக்கத்தால் ஓடவிட்டால் சாறு ஆறும், சூடேறிய தண்ணீரை அடுத்த காய்ச்சலுக்கு எடுப்போம். மின்சாரமும் பெரும்பாலும் நீர்மின். இங்கே கிணற்றுத் தண்ணீரே 28 பாகை. மிச்சத்தை இயந்திரம் போட்டுக் குளிர்த்த வேண்டும், அந்த மின்சாரத்தில் நுரைச்சோலை மின் நிலையத்தின் நிலக்கரியும் கலந்திருக்கிறது. கூரையில் சூரிய மின்தகடு போட்டு, பகலில் குளிர்த்தி வைத்தால் பெருமளவு சமாளிக்கலாம். மேற்கு நோர்வே ஊர்களில் பரம்பரையாக வைத்திருக்கிற கிவெய்க் என்ற ஈஸ்ட் 30 பாகைக்கு மேலும் சுவை கெடாமல் புளிக்கவைக்கும். வீட்டுப் பியருக்கு மரவளையத்தை அந்த ஈஸ்டில் தோய்த்து உலர்த்தி அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைப்பார்கள். முதல்முறை அதைக் கண்டபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது எங்கள் கள்ளு முட்டிதான். யாரும் ஈஸ்ட் வாங்கிப் போடாமல், பங்குனி வெயிலில், மரத்திலேயே புளிக்கிறது.

அதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பனைக்கு யாரும் தண்ணீர் இறைப்பதில்லை, காய்ச்ச நெருப்பு இல்லை, குளிர்த்த மின்சாரம் இல்லை, கள்ளுத் தவறணைக்குப் போத்தலைக் கொண்டுபோய் நிரப்பி வருகிறோம். பார்லியும், பியருக்குக் கசப்புத் தரும் ஹொப்ஸ் பூவும் இங்கே விளையாது, கப்பலில்தான் வர வேண்டும். அவை விளைகிற நாடுகளிலும் காலநிலை சரியில்லை. கடும் வரட்சியும் வெப்பமும் சேர்ந்து வரும் வருடங்களில் உலகப் பார்லி விளைச்சல் 3 தொடக்கம் 17 வீதம் வரை விழும் என்று 2018 இல் வந்த ஒரு ஆய்வு கணக்கிட்டது. ஐரோப்பிய ஹொப்ஸின் கசப்புச் சத்தும் குறைந்து வருகிறது. திக்கத்தில் பனங்கள்ளில் இருந்து சாராயம் வடிக்கிற வடிசாலை இருந்த மண்ணில், முதலீட்டோடு வருகிறவர் சீவல் தொழிலாளியையும் பனையையும் ஒருக்கால் நிமிர்ந்து பார்க்கலாம். போரில் பங்கருக்கு வெட்டுண்ட பனைகளுக்குப் பதிலாக இன்று நடுகிற விதை பாளை விட ஒரு தலைமுறை செல்லும். குடியால் எங்கள் ஊர்களில் அழிகிற குடும்பங்களை நான் அறிவேன், இதை எழுதும்போதும் அது மனதில் பாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்டது சூழலைப் பற்றி.

ஆகவே நான் அவரை விரட்டச் சொல்ல மாட்டேன். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் அவருக்குத் தேவைப்படும். அந்தக் கட்டத்திலேயே ஊர் வாய் திறக்க வேண்டும். ஈஸ்ட் சேறும் சக்கையும் ஒரு துளிகூட வடிகாலுக்குப் போகக் கூடாது, தனியாகப் பிடித்து மாட்டுக்கோ எரிவாயுக் குழிக்கோ போக வேண்டும். கழுவிய தண்ணீர் கசியாத தாங்கியில் சேர்ந்து, அமிலமும் காரமும் சமப்பட்டு, சுத்திகரித்த பிறகே வெளியே வர வேண்டும். உறிஞ்சுகுழி கட்ட விடவே கூடாது. ஆலை தொடங்க முன்னமே சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் எடுத்துப் பரிசோதித்து அறிக்கையை ஊரில் வைத்திருங்கள். மாரிக்கு முன் ஒரு தரம், மாரிக்குப் பின் ஒரு தரம் என்று வருடா வருடம் அதே கிணறுகளில் திரும்பவும், அவருடைய செலவில். தொடக்க அறிக்கை கையில் இல்லாவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. சுன்னாகத்தைச் சுற்றியிருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பெரியப்பாவிடமும் இந்தக் கதையைச் சொன்னேன். போத்தலின் அழகையோ விலையையோ அவர் கேட்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் இருந்து இறக்கி, "தாங்கி கழுவின தண்ணி எந்தப் பக்கத்தால போகும்?" என்றுதான் கேட்டார். ஆலையின் வரைபடம் உங்கள் கைக்கு வந்தால் எனக்கும் காட்டுங்கள், நானும் முதலில் அந்தக் கோட்டைத்தான் தேடுவேன்.