கொலையாளி தெரிந்த பிறகும் படிக்கிற கதைகள்

கேள்வி: கொலையாளி யார் என்று தெரிந்துவிட்டால் ஒரு மர்மக் கதையை மறுபடி தொட மனம் வருவதில்லை. ஹார்ட்பாய்ல்டு நாவல்களை, அதாவது ஊழல் ஊரில் அலைகிற முரட்டுத் துப்பறிவாளர்களின் கதைகளை மட்டும் மூன்றாம் முறையும் எடுக்கிறேன். இது ஏன்?

பதில்: மாளிகையில் கொலை, பத்துப் பேர் மேல் சந்தேகம், கடைசியில் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து விளக்கம் என்ற பழைய அமைப்பில், உலகம் அடிப்படையில் ஒழுங்கானது. கொலை அதில் விழுந்த ஒரு கறை. குற்றவாளி பிடிபட்டதும் கறை போய்விடும், கதையின் வேலையும் முடிந்தது. ஹார்ட்பாய்ல்டு கதையில் துப்பறிபவர் கால் வைப்பதற்கு முன்பே ஊர் அழுகிக் கிடக்கிறது. வழக்கு முடிந்தாலும் அப்படியேதான் இருக்கும். அதனால் 'யார் செய்தது' என்பதைவிட, 'எல்லாம் விலைபோகிற இடத்தில் இந்த ஆள் எதை விற்க மாட்டார்' என்பதைத்தான் நாம் பார்த்துக்கொண்டே போகிறோம். விடை தெரிந்த பிறகும் அந்தக் கேள்வி பழசாவதில்லை.

இந்த உலகம் வெறும் கற்பனையில் பிறந்ததும் இல்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. கள்ளச் சாராயப் பணம் காவல்துறைக்குள்ளும் நகராட்சிக்குள்ளும் புகுந்த காலம். 1920-ல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவு இதழில் கரோல் ஜான் டேலியும் டாஷீல் ஹாமெட்டும் 1923-ல் தங்கள் தனியார் துப்பறிவாளர்களை இறக்கினார்கள். ஹாமெட் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் துப்பறிவாளராக வேலை பார்த்தவர். பின்தொடர்வதும் காத்துக்கிடப்பதும் அவருக்குக் கூலி வேலை, சாகசம் இல்லை. அந்தக் கூலிக் கணக்கு இந்த வகையை விட்டுப் போகவே இல்லை: ரேமண்ட் சாண்ட்லரின் துப்பறிவாளர் மார்லோ தன் முதல் நாவலான 'தி பிக் ஸ்லீப்'பில் கேட்பது நாளுக்கு 25 டாலர், செலவு தனி. பணம் கொடுப்பவரே பொய் சொல்வார் என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே வேலையை எடுக்கிறார். கதையின் இழுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஹார்ட்பாய்ல்டும், நுவார் என்கிற இருண்ட குற்றக் கதைகளும் ஒன்றா?

பதில்: நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றில்லை. ஹார்ட்பாய்ல்டில் நாயகர் சேற்றுக்குள் இறங்கி, அழுக்கோடு வெளியே வருகிறார். நுவாரில் நாயகரே அந்தச் சேறு. ஆசையாலோ பயத்தாலோ ஒரு தப்பான அடி வைக்கிறார், பிறகு விழுந்துகொண்டே இருக்கிறார். நுவாரில் துப்பறிபவர் இருக்கவேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

கேள்வி: 'தி பிக் ஸ்லீப்' படித்தேன். பாதிக்கு மேல் யார் யாரை எதற்குச் சுட்டார் என்றே பிடிபடவில்லை. நான் கவனமாகப் படிக்கவில்லையா?

பதில்: குறை உங்களிடம் இல்லை. 1939-ல் வந்த அந்த நாவலை, ஏற்கெனவே இதழில் எழுதிய சிறுகதைகளைப் பிரித்துச் சேர்த்துத்தான் சாண்ட்லர் கட்டினார். முக்கியமானவை 1935-லும் 1936-லும் வந்த இரண்டு. தையல் தெரிகிற இடங்களில்தான் வாசகர் தடுக்கி விழுகிறார். அதைப் படமாக எடுத்தவர்கள், கார் ஓட்டுநரைக் கொன்றது யார் என்று அவரிடமே கேட்டார்கள். அவருக்கும் தெரியவில்லை. ஆனாலும் நாவல் நிற்கிறது, காரணம் அவருக்குக் காட்சிதான் முதன்மை, பின்னல் பிறகுதான்.

இப்படிப்பட்ட நாவலுக்குத் தடயப் பட்டியல் உதவாது. ஒரு துண்டுத் தாளில் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார், யார் எந்தப் பொய்யைச் சொன்னார், யார் யாரைக் காப்பாற்றப் பார்க்கிறார். இதே வகையில் எழுதிய ராஸ் மெக்டொனால்டின் நாவல்களுக்கு நான்காவதாக ஒன்று வேண்டும், வயது. இன்றைய கொலைக்கு வேர் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு முன்னால் கிடக்கும். யாருக்கு எத்தனை வயது, எந்த ஆண்டு எங்கே இருந்தார் என்று எழுதிவைத்தால் முடிச்சு உங்கள் கைக்கே வரும்.

கேள்வி: எந்த வரிசையில் படிக்கலாம்? பழைய நாவல்களில் பெண்கள் வருகிற விதம் உறுத்துகிறது.

பதில்: உறுத்தத்தான் வேண்டும். ஏமாற்றுக்காரி அல்லது பலியானவள் என்ற இரண்டே அச்சில் பெண்களை வார்த்தது அந்தத் தலைமுறையின் பெரிய பலவீனம். ஆனாலும் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1930) முதலில் இருக்கட்டும். அதில் ஆசிரியர் ஒருமுறைகூடத் துப்பறிவாளர் ஸ்பேடின் மனதுக்குள் நுழைவதில்லை. கூட்டாளி செத்த செய்தி தொலைபேசியில் வருகிறது. அடுத்து ஸ்பேட் சிகரெட் சுருட்டுவதை விரல் விரலாக எழுதுகிறார். துக்கமா, நிம்மதியா? நாமே முடிவு செய்யவேண்டும். அடுத்து சாண்ட்லரின் 'ஃபேர்வெல், மை லவ்லி' (1940), பிறகு மெக்டொனால்டின் 'தி சில்' (1964). பெண் துப்பறிவாளர்களுக்கு 1982 முக்கியமான ஆண்டு: சாரா பாரெட்ஸ்கி, சூ கிராஃப்டன் இருவரின் தொடர்களும் அப்போதுதான் தொடங்கின. வால்டர் மோஸ்லியின் 'டெவில் இன் எ புளூ டிரெஸ்' (1990) நம்மை 1948-ன் லாஸ் ஏஞ்சலஸுக்கு அழைத்துப்போகிறது. வேலை போன ஒரு கறுப்பினப் போர்வீரர், வீட்டுக் கடன் தவணைக்காகத் துப்பறியும் வேலைக்கு ஒத்துக்கொள்கிறார். மார்லோ தயங்காமல் நுழைகிற கதவுகளை இவர் தட்டுவதற்கே யோசிக்கவேண்டும். சாண்ட்லரைப் படித்த கையோடு இதைப் படித்தால்தான் அந்த வேறுபாடு உறைக்கும்.

கேள்வி: தமிழில் இந்த நடையில் எழுதிப் பார்க்கிறேன். இறுக்கம் வரவில்லை. எங்கே தப்பு?

பதில்: பெரும்பாலும் வினையெச்சத்தில். "கதவைத் திறந்து, உள்ளே நுழைந்து, விளக்கைப் போட்டு, மேஜையைப் பார்த்து அதிர்ந்தேன்." தமிழுக்கு இயல்பான சங்கிலிதான், ஆனால் ஒவ்வொரு செயலின் எடையையும் அடுத்தது தின்றுவிடுகிறது. "கதவு பூட்டவில்லை. விளக்கைப் போட்டேன். மேஜை இழுப்பறைகள் தரையில் கிடந்தன." 'அதிர்ந்தேன்' போய்விட்டது பாருங்கள், அதிர்வது வாசகரின் வேலை. எல்லா வாக்கியமும் குட்டையானால் தந்தி மாதிரி ஆகிவிடும், மூன்று நான்குக்குப் பிறகு ஒரு நீள வாக்கியம் விடுங்கள்.

உவமை பக்கத்துக்கு ஒன்று போதும். அதுவும் துப்பறிபவர் பயந்திருக்கும்போதோ களைத்திருக்கும்போதோ வரட்டும். உவமையில் வருகிற கிண்டல் அவருக்குக் கவசம்.

உரையாடலில் ஆங்கிலத்துக்கு இல்லாத ஆயுதம் தமிழில் இருக்கிறது. 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் நடுவில் 'நீ'க்கு இறங்கினால் அது கன்னத்தில் அறை. ஒரு விசாரணைக் காட்சியில் ஒருமுறைதான் அதைச் செலவழிக்கலாம். யாரை விசாரிக்கும் முன்பும் அவருக்கு என்ன தெரியும், எதை மறைக்கிறார், துப்பறிபவரிடமிருந்து அவருக்கு என்ன வேண்டும் என்பதை எழுதிவையுங்கள். மூன்றாவதை விட்டால், அவர் தகவல் சொல்லிவிட்டுப் போகிற பொம்மை ஆகிவிடுவார்.

கடைசியாக, அடி. தலையில் அடிபட்டு ஒரு மணி நேரம் மயங்கி, எழுந்ததும் துரத்துவது நடக்காது. அவ்வளவு நேரம் நினைவில்லை என்றால் மூளையில் பட்டது லேசான காயம் இல்லை. சில நிமிட மயக்கத்துக்கே வாந்தி, தலைவலி, மங்கிய பார்வை வரலாம். விலா எலும்பு முறிந்தால் ஆற ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை இருமினாலும் சிரித்தாலும் குத்தும். ஐந்தாம் அத்தியாயத்தில் வாங்கிய அடி, ஒன்பதாம் அத்தியாயத்தில் அவர் காரிலிருந்து இறங்கும்போது வலிக்கவேண்டும்.