சுங்கை சிப்புட்டுக்கு வந்திருக்கும் தம்பிக்கு: பக்கத்து மேசையில் நடக்கும் அந்த லீக் சண்டை

தம்பி, நீங்கள் எழுதியிருந்தது இதுதான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வேலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. சுற்றிலும் தமிழ்தான் கேட்கிறது, ஆனாலும் மனுஷர்களோடு ஒட்ட முடியவில்லை. இரவு சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து மேசையில் காற்பந்தைப் பற்றி, சூப்பர் லீக், பிரிமியர் லீக், லைசன்ஸ் என்று மேசையைத் தட்டிச் சண்டை போடுகிறார்கள். கிரிக்கெட் மட்டும் தெரிந்த நான் அங்கே என்ன பேசுவது என்று கேட்டிருந்தீர்கள்.

1999-ல் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து சமையல் வேலைக்கு வந்தவன் நான். இங்கேயே பெண் கட்டி, மனைவி பெயரில் கடை வைத்து, பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். உங்களுக்கு இருக்கும் அதே திகைப்பு எனக்கும் இருந்தது. வார்த்தைகள் ஒரு மாதத்தில் பழகிவிடும். "பசியாறியாச்சா" என்றால் காலைச் சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம், வெள்ளி என்றால் ரிங்கிட், காடி என்றால் கார். அது பெரிய விஷயமே இல்லை. அந்தப் பந்துச் சண்டையைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் இந்த ஊர் அதற்குள் இருக்கிறது.

இங்கே ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு தோட்டத்து டீமில் ஆடியவர்கள். எல்பில், டோவன்பி என்று தோட்டத்துக்குத் தோட்டம் திடல் இருந்தது, தோட்டங்களுக்குள் போட்டி நடந்தது. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, சாயங்காலம் பந்து. அப்படிப்பட்ட மக்களிடமிருந்துதான் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கூப்பிட்ட கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் வந்தார். 2010-ல் ஆசியான் கோப்பையை மலேசியாவுக்கு வாங்கித் தந்த பயிற்சியாளர் கே. ராஜகோபாலும் நம்மவர்தான். பிறகு ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போனார்கள், டீம்கள் கலைந்தன. அதனால்தான் எந்த லீக்கில் கை வைத்தாலும் இவர்களுக்கு உடம்பில் படுகிறது.

சரி, சண்டைக்கு வருவோம். 2004-லிருந்து இங்கே மேலே சூப்பர் லீக், அதற்குக் கீழே பிரிமியர் லீக் என்று இரண்டு படிகள். இங்கிலாந்து பிரிமியர் லீக் என்று நினைத்துக் குழம்பாதீர்கள், இங்கே பிரிமியர் என்பது இரண்டாம் படி. 2022-ல் மேலே 12 அணி, கீழே 10 அணி. அதோடு கீழ்ப்படியை எடுத்துவிட்டார்கள். 2023-லிருந்து 18 அணிகளோடு ஒரே லீக் என்று திட்டம் போட்டார்கள், கடைசியில் களத்தில் நின்றது 14. மறு வருடம் 13. பிறகு அரைத்தொழில்முறை லீக் என்று ஏ1 ஒன்றைக் கீழே கொண்டுவந்தார்கள். இப்போது அதை எப்படி மேலே இணைப்பது, யார் ஏறுவது, யார் இறங்குவது, பழைய இரண்டாம் படி திரும்ப வேண்டுமா என்பதுதான் மேசைக்கு மேசை பேச்சு.

இரண்டாம் படியை எடுத்தது சரி என்கிறவர்கள் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். சம்பளம் கொடுக்க வழியில்லாத அணிகளை வைத்துக்கொண்டு எதற்கு இரண்டு லீக் என்கிறார்கள். அந்தப் பத்து அணியில் மூன்று, பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகள். ஜெயித்தாலும் அவை மேலே ஏறக் கூடாது என்பது விதி. அதில் என்ன போட்டி இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

மறுபக்கம் நம் மாநில அணி பேராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ல் மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம், திரங்கானுவுடன் 3-3, பெனால்டியில் ஜெயித்தோம். அன்றைக்கு என் கடை டிவிக்கு முன்னால் ரோடு வரைக்கும் ஆள் நின்றது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை நான்கூடப் பார்க்கவில்லை. மூன்றே வருடத்தில், 2021-ல், இரண்டாம் படிக்கு இறங்கினோம். வலித்தது, ஆனால் ஆடி மேலே வரலாம் என்று இருந்தது. அதற்குள் லீக்கை மாற்றினார்கள், ஆடி ஜெயிக்காமலேயே 2023-ல் மேலே போய் உட்கார்ந்தோம். 2025-ல் பணமில்லாமல் அணியே சூப்பர் லீக்கை விட்டு விலகியது. தவறு செய்தவனைக் கீழே இறக்கி, நிமிர்ந்து வர அவகாசம் கொடுக்கும் இடம் இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும். இது என் கருத்து, என் கடையிலேயே இதற்குப் பாதிப்பேர் எதிர்ப்பு.

இன்னொன்றும் உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் மீஃபா அணி கீழேயிருந்து ஏறி 2017-ல் பிரிமியர் லீக்குக்கு வந்தது, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-ல் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022-ல் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்ளூர்ப் பையன்களை மட்டுமே வைத்து ஆடிவிட்டு விலகிக்கொண்டது. நடுவில் ஒரு படி இருந்ததால்தான் அவர்களால் ஏற முடிந்தது. இங்கிலாந்தில் மேல் லீக்குக்குக் கீழே மூன்று படிகளில் 72 கிளப். அதற்கும் கீழே ஐந்தாம் படியில் இருப்பவர்கள், வருடத்துக்கு இரண்டு அணி ஏறுவது போதாது, மூன்று வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள்.

என் மைத்துனர் செம்பனைக் குலை வெட்டும் வேலை செய்கிறவர். மகனை வாரம் மூன்று நாள் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு முப்பது கிலோமீட்டர் போல ஈப்போவுக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போவார். மதியம் மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் பூட்ஸை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஹேண்டிலில் மாட்டியிருப்பார். தான் நனைவார், பூட்ஸ் நனையாது. பையன் பத்தொன்பது வயதில் இரண்டாம் படி அணி ஒன்றில் இடம் பிடித்தான். ஒரு சீசன் ஆடினான், அதில் மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. அடுத்த வருடம் லீக்கே இல்லை. மேல் அணிகளில் அவனுக்கு இடமில்லை, கீழே ஆடினால் வயிறு நிறையாது. இப்போது ஈப்போவில் தொழிற்சாலை ஷிப்டுக்குப் போகிறான்.

இரண்டு கட்சிக்காரர்களும் அவனைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் நானே கேட்டேன். "சம்பளம் வராம கஷ்டப்பட்டது உண்மைதான் மாமா. ஆனா போறதுக்கு ஒரு இடம் இருந்துச்சு" என்றான். அப்புறம் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

அதனால்தான் இரண்டாம் படி வேண்டும் என்கிறேன். எட்டு அணியோ பத்து அணியோ போதும். ஒரு சீசன் சம்பளத்தை முன்கூட்டியே கட்டிக் காட்டாத கிளப்புக்கு லீக்கில் ஆடும் லைசன்ஸ் கொடுக்கக் கூடாது. பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளைத் தனிப் போட்டியில் வைக்கட்டும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த மேசையில் நீங்கள் எந்தப் பக்கமும் எடுக்க வேண்டாம். உட்கார்ந்து ஒரு தே ஓ, அதாவது பால் இல்லாத டீ, சொல்லிவிட்டு, பெரியவராகப் பார்த்து, "அண்ணே, நீங்க எந்தத் தோட்டத்துக்கு ஆடினீங்க" என்று மட்டும் கேளுங்கள். கடை மூடும் வரைக்கும் பேசுவார். ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் காலை எட்டு மணிக்குத் தமிழ்ப்பள்ளித் திடலுக்கு வாருங்கள். என் மைத்துனர் மகன்தான் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான், பந்து பொறுக்கிப் போடக்கூட ஆள் இல்லாமல் கஷ்டப்படுகிறான். பழைய சப்பாத்து (ஷூ) போட்டுக்கொண்டு வாருங்கள், அந்த நேரத்தில் புல் நல்ல ஈரமாக இருக்கும்.