வீட்டு வரவு செலவு எழுத மென்பொருள் தேவையா, நோட்டுப் புத்தகம் போதாதா?

கேட்டவர் மாதச் சம்பளக்காரர், கல்யாணமாகி ஓரிரண்டு வருடம் ஆகியிருக்கும், இருபதாம் தேதிக்கு மேல் "காசு எங்கே போச்சு" என்று வீட்டில் பேச்சு வளர்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். வேறு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். க்னூகேஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள் மாதிரி ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டு எழுதினால் மிச்சம் பிடிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மிச்சம் பிடிக்க முடியாது. எழுதலாம், அவ்வளவுதான். நான் பத்து வருடமாக எழுதுகிறேன். எழுதியதால் ஒரு கியாட் (எங்கள் பர்மா காசு) கூடக் கூடவில்லை.

நான் யாங்கோன்காரன், பழைய பெயர் ரங்கூன். இரும்புக் கடையில் கணக்கு வேலை. (பர்மாவில் இன்னும் தமிழ் பேசுகிறார்களா என்று கீழே கேட்கப்போகிறவர்களுக்கு: பேசுகிறோம், எழுதுகிறோம், சண்டையும் தமிழில்தான் போடுகிறோம். ஒவ்வொரு பதிலுக்கும் இதைச் சொல்லி அலுத்துவிட்டது.) தாத்தா மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் கணக்குப்பிள்ளை. அப்பா கணக்குப்பிள்ளை இல்லை, ஆனால் பழக்கம் விடவில்லை. சிவப்புத் துணி அட்டை போட்ட நீள நோட்டில், மேலே பிள்ளையார் சுழி, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று, அடியில் கையிருப்பு. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எழுதுவார். அக்கா கல்யாணத்துக்காகச் சேர்த்ததெல்லாம் 75 கியாட் நோட்டாக, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு பால் டின்னில் இருந்தது. 49 தாள். 3,675.

1987 செப்டம்பர் 5, சனிக்கிழமை. 25, 35, 75 நோட்டுகள் இனி செல்லாது என்று அறிவித்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் 100 நோட்டு செல்லாமல் போனபோது ஓரளவாவது மாற்றிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அதுவும் இல்லை. கொஞ்ச நாளில் 45, 90 என்று புது நோட்டு வந்தது. இரண்டும் ஒன்பதால் வகுபடும், ஆள்பவருக்கு ஒன்பது ராசி என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அப்போது 14 வயது. அன்று ராத்திரியும் அப்பா நோட்டை எடுத்தார். காய்கறிச் செலவை எழுதினார். அடியில் கையிருப்பு 3,675 என்றுதான் எழுதினார். மறுநாளும் அப்படியே. பக்கம் திருப்பும்போதெல்லாம் "முன் பக்க இருப்பு" என்று அந்த 3,675-ஐயும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார். சித்திரையில் புது நோட்டு போட்டபோதுதான் அது காணாமல் போனது. அடிக்கவில்லை, பற்றிலும் எழுதவில்லை. புது நோட்டுக்கு வரவே இல்லை, அவ்வளவுதான்.

கேள்விக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

க்னூகேஷ் இலவசம். இதைச் சொல்வதால் எனக்கு ஒரு காசும் வராது, விளம்பரம் என்று புகார் போடாதீர்கள். இரட்டைப் பதிவு முறை. ஒரு தொகை ஓரிடத்திலிருந்து கிளம்பினால் இன்னோர் இடத்தில் போய் இறங்கியே ஆகவேண்டும். இறங்கவில்லை என்றால் 'சரியாகாதது' என்று அதுவாகவே ஒரு கணக்கைத் திறந்து மிச்சத்தை அதில் தள்ளிவிடும். சொத்து, கடன், மூலதனம், வருமானம், செலவு என்று ஐந்து தலைப்பு. முதல் தடவை அந்த ஐந்தையும் திரையில் பார்த்தபோது தாத்தா 'ஐந்தொகை எடுக்கணும்' (சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் கணக்கு) என்று சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்பா நோட்டு முறையில் செய்ய முடியாத ஒன்றுக்கு உதாரணம் சீட்டு. பத்துப் பேர், மாதம் ஒரு லட்சம், குலுக்கல். மூன்றாம் மாதம் எனக்கு விழுந்தது, கையில் 10 லட்சம். அப்பா நோட்டில் இது 'சீட்டு வரவு 10 லட்சம்'. அன்றைக்குப் பணக்காரன். மென்பொருளில் ஒழுங்காக எழுதினால் அப்படி வராது. மூன்று லட்சம் நான் ஏற்கெனவே கட்டியது, அது என் சொத்து திரும்பி வருகிறது. மீதி ஏழு லட்சம் கடன். மாதம் ஒரு லட்சம் கட்டக் கட்ட அந்தக் கடன் குறையும். ஒரே பதிவை மூன்றாகப் பிரித்து எழுதவேண்டும். எழுதி முடித்தால் நிகர மதிப்பு சீட்டு விழுவதற்கு முன்னால் எவ்வளவோ அவ்வளவேதான். கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.

தங்கத்தையும் இப்படி எழுதலாம். இங்கே பவுன் கணக்கு இல்லை. இரண்டு பவுனுக்குச் சற்று மேலே ஒரு கியாத்தா, அதில் 16 பெ, ஒரு பெயில் 8 யுவே. பங்குபோல ஒரு தனிக் கணக்கு திறந்து அலகை யுவே என்று வைத்துக்கொண்டேன். கியாத்தாவுக்கு 128 யுவே, பின்னமே வராது. விலையை அவ்வப்போது விலைப் பட்டியலில் போட்டால் மதிப்பைத் தானே மாற்றிக்கொள்ளும். டாலருக்கும் அப்படித்தான், ஆனால் அரசு விலை போடுவதா சந்தை விலை போடுவதா என்று அது கேட்காது. எதைப் போட்டாலும் நம்பும். அந்த விஷயத்தில் அப்பா நோட்டு மாதிரிதான்.

இப்போது என் கதை. கணக்கு எழுதத் தொடங்கிய நாளிலிருந்து ரொக்கம் மட்டும் ஒத்துவராது. மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் 15 ஆயிரம், 20 ஆயிரம் குறையும். 'தெரியாதது' என்று ஒரு செலவுக் கணக்கு திறந்து அதில் போட்டுக்கொண்டு வந்தேன். வருடக் கடைசியில் வட்டப்படம் போட்டுப் பார்த்தால் அரிசிக்கு அடுத்த பெரிய துண்டு 'தெரியாதது'. கணக்கு வேலை பார்க்கிறவன் வீட்டில்! மனைவியிடம் துருவித் துருவிக் கேட்டேன். தெயின்ஜி மார்க்கெட்டில் எந்தக் கடையில் என்ன விலை என்றெல்லாம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும், உங்க கம்ப்யூட்டரையே கேளுங்க" என்பாள்.

வங்கிக் கணக்கு மட்டும் வங்கிச் சீட்டோடு கடைசிக் கியாட் வரைக்கும் ஒத்துப்போகும். சரிபார்க்கும் ஜன்னலில் வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தால் ஒரு சுகம், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்தச் சுகத்துக்காகவே 2019-இல் அவளிடம் பேசிப் பேசி அலமாரியில் இருந்த பணத்தையெல்லாம் வங்கியில் போட வைத்தேன். 2003-இல் தனியார் வங்கிகளில் பணம் எடுக்க ஊரே வரிசையில் நின்றதை அவள் சொன்னாள். அது பழைய கதை என்றேன்.

2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் வங்கிகள் மூடின. திறந்த பிறகும் டோக்கன், விடியற்காலை வரிசை. என் கணக்கில் 42 லட்சம் இருந்தது. திரையில் ஒரு கியாட் குறையவில்லை, கையில் எடுக்கத்தான் முடியவில்லை. ரொக்கமாக வேண்டுமென்றால் வெளியே ஆள் இருந்தார்கள். 10 லட்சம் ரொக்கம் கொடுக்க என் வங்கிக் கணக்கிலிருந்து 10 லட்சத்து 80 ஆயிரத்தைத் தங்கள் கணக்குக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்கள். அதை எந்தத் தலைப்பில் எழுதுவது? என் பணத்தை நானே வாங்க நான் கொடுத்த கூலி. 'வங்கிச் செலவு' என்று எழுதினேன்.

ஜூலையில் மாமியாருக்கு மூச்சுத் திணறல். கொரோனா அலை அடித்த அந்த மாதம் யாங்கோனில் இருந்தவர்களுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றால் என்ன என்று தெரியும். விற்பவன் கையில் ரொக்கம் கேட்டான், உடனே. நான் போனை வைத்துக்கொண்டு யார் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே போய், புடவைக்கு நடுவிலிருந்து ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தாள். ஆயிரம், ஐயாயிரம், சுருட்டிச் சுருட்டி. ஏழு வருடத்துத் 'தெரியாதது' மொத்தமும் என் கண்முன்னால் கிடந்தது.

"உங்க அப்பா நோட்ல எழுதினாரு, நீங்க கம்ப்யூட்டர்ல எழுதுறீங்க" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. மாமியார் பிழைத்துக்கொண்டார். இப்போதும் என் டீயில் சர்க்கரை போதாது என்பார்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, மென்பொருள் வேஸ்ட்" என்று எழுத வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வங்கியை நம்பு, நம்பாதே என்றும் சொல்லவில்லை, உங்கள் ஊர் வங்கி உங்கள் பாடு. கணக்கு சரியாக இருப்பதும் பணம் இருப்பதும் வேறு வேறு, அதைக் கற்க எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறை ஆயிற்று.

தொடங்குவதானால் சிலவற்றைக் கவனியுங்கள். விவரங்களை பர்மிய எழுத்தில் எழுதுபவர்கள் யூனிகோடில் எழுதுங்கள். நான் ஆரம்பத்தில் ஸௌஜி என்ற, யூனிகோடோடு ஒத்துப்போகாத பழைய பர்மிய எழுத்துருவில் அடித்தேன். 2019 அக்டோபர் 1-இல் நாடே யூனிகோடுக்கு மாறியது, நானும் மாறினேன், ஐந்து வருட விவரம் கொத்துப் புரோட்டா ஆகிவிட்டது. தமிழில் எழுதியவை மட்டும் பிழைத்தன. கோப்புக்குக் கடவுச்சொல் கிடையாது, கம்ப்யூட்டரைத் திறப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம். எங்களுக்குக் கரண்ட் நாலு மணி நேரம் இருந்தால் பெரிது. எழுதும்போது போய்விட்டால் அடுத்த தடவை கோப்பு பூட்டியிருப்பதாகச் சொல்லும். பயப்படாமல் 'பரவாயில்லை, திற' என்பதை அழுத்துங்கள். பக்கத்திலேயே தேதியிட்ட பழைய பிரதிகளும் இருக்கும், குப்பை என்று அழித்துவிடாதீர்கள்.

எழுதியது எழுதியாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதிக் கோயிலுக்கு இதே மென்பொருளில் கணக்கு எழுதித் தருகிறேன், சம்பளம் வேண்டாம் என்றேன். தலைவர் அண்ணன் "ஆத்தாளுக்கே கணக்கா தம்பி?" என்றார். தீமிதி முடிந்து சுவரில் ஒட்டிய தாளில் பூ இவ்வளவு, மேளம் இவ்வளவு, அரிசி இவ்வளவு, கடைசியில் இதர செலவு. அந்த இதர செலவு மேலே இருந்த எல்லாவற்றையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். நானாவது 'தெரியாதது' என்று நேர்மையாகப் பெயர் வைத்தேன்.

பாட்டில் விஷயத்துக்குப் பிறகு சொத்து என்ற தலைப்பின் கீழ் 'அலமாரி' என்று ஒரு கணக்கு திறந்தேன். தொடக்க இருப்பு எவ்வளவு போடட்டும் என்று அவளைக் கேட்டேன். "இருக்குது" என்றாள். எவ்வளவு என்று மறுபடி கேட்டேன். "இருக்குதுன்னு எழுதுங்க."

தொகைக் கட்டத்தில் எழுத்து ஏறாது. விவரம் என்ற கட்டத்தில்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறேன்.