ரேஸ் காரில் தீயணைப்பு சிஸ்டம்: வாசகர் கேள்விகள்

கே: மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் என் ஹாட்ச்பேக்கை ஓட்டுகிறேன். ரோல்கேஜ், பக்கெட் சீட், ஹார்னஸ் எல்லாம் போட்டாயிற்று. சீட்டுக்குப் பின்னால் 2 கிலோ பவுடர் சிலிண்டர் இருக்கிறது. அது போதாதா?
– பூந்தமல்லி வாசகர்

ப: போதாது. கையால் எடுத்து அடிக்கும் சிலிண்டர் பக்கத்துக் காருக்கு உதவும். உங்கள் கார் எரியும்போது நீங்கள் ஹார்னஸில் கட்டுண்டு, கையுறையோடு உட்கார்ந்திருப்பீர்கள். சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவ நேரம் இருக்காது. பவுடரைக் கேபினுக்குள் அடித்தால் கண்ணும் மூச்சும் அடைபடும். அலுமினியத்தையும் வயர் கனெக்டர்களையும் அது பிறகு அரித்துத் தின்னும்.

அந்தச் சிலிண்டரை எதில் கட்டியிருக்கிறீர்கள்? பிடிமானம் 25 ஜி, அதாவது தன் எடையைப்போல் 25 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. கூட்டோடு சேர்த்து 3 கிலோ என்றாலும் மோதும் கணத்தில் அது 75 கிலோ இழுவை. பிளாஸ்டிக் கிளிப்பும் வெல்க்ரோவும் அறுந்துபோகும். பறந்து வரும் சிலிண்டர் உங்கள் பின்மண்டையைத்தான் தேடும். இரண்டு உலோகப் பட்டைகள் போட்டு, ஃப்ளோரில் போல்ட் செய்யுங்கள். உங்கள் காருக்குக் குழாய் பதித்த சிஸ்டம் (காரில் பொருத்திய பாட்டிலிலிருந்து இன்ஜினுக்கும் கேபினுக்கும் குழாய் வழியே மருந்து பீய்ச்சுவது) கட்டாயம் வேண்டும் என்பதே என் கருத்து.

கே: ஃபோம் நல்லதா, கேஸ் நல்லதா?
– கோவை வாசகர்

ப: மேல்கூரை உள்ள, முன்பக்க இன்ஜின் கார் என்றால் நான் ஃபோம்தான் போடுவேன். பெட்ரோலின் மேல் படலமாகப் பரவி ஆவியை அடக்கும்; அதிலுள்ள தண்ணீர் சூடான இரும்பையும் தணிக்கும். அணைந்த தீ மறுபடி பற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தச் சூடான எக்ஸாஸ்ட்தான்.

கேஸ் எடை குறைவு, கறை விடாது. ஆனால் மூடிய இடத்தில்தான் நிற்கும். திறந்த காரிலும் ஓடும் காரிலும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். கேஸ் சிஸ்டங்களில் நிரப்பும் நோவெக் 1230 திரவத்தைத் தயாரித்த 3எம் நிறுவனம் 2025 இறுதியோடு அந்த வகை ரசாயனங்களை விட்டுவிடப்போவதாக 2022 டிசம்பரில் அறிவித்தது. அதே திரவம் வேறு பெயர்களில் கிடைக்கிறது. வாங்குமுன், ரீஃபில் யார் செய்து தருவார்கள் என்று கேட்டு வையுங்கள். ஹாலான் என்ற பழைய தீயணைப்பு வாயு பாட்டில் மலிவாகக் கிடைத்தால் தொடாதீர்கள். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது.

கே: நாஸில்களை (மருந்து பீய்ச்சும் முனைகளை) எங்கே வைப்பது?
– பெங்களூரிலிருந்து ஒரு ராலி ஓட்டுநர்

ப: முதலில் தீ எங்கே பிறக்கும் என்று பானட்டைத் திறந்து பாருங்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ஃப்யூவல் ரெயில், இன்ஜெக்டர் இணைப்புகள், டர்போவுக்கு ஆயில் போகும் குழாய். கசிவது இங்கே, பற்றுவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில். ஆகவே ஒரு நாஸில் ஃப்யூவல் ரெயில் பக்கம், இன்னொன்று மேனிஃபோல்ட் பக்கம். இரண்டையும் பாடியில் பொருத்துங்கள், இன்ஜினில் வேண்டாம். இன்ஜின் ஆடும்போது குழாய் விரிசல் விடும். கேபினில் ஓட்டுநரின் கால்களையும் மடியையும் நோக்கி வையுங்கள், முகத்தை நோக்கி ஒருபோதும் கூடாது.

கிட்டில் வந்த நாஸில்கள் எத்தனையோ அத்தனைதான். கூடுதலாக ஒரு டி-ஜாயின்ட் போட்டால் எல்லா முனையிலும் அழுத்தம் குறையும், சான்றிதழும் செல்லாது.

பலரும் மறப்பது பல்க்ஹெட், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவர். எடை குறைக்க ஏ.சி.யையும் ஹீட்டரையும் கழற்றுகிறோம், ஓட்டைகள் அப்படியே நிற்கின்றன. இன்ஜின் தீ உங்கள் காலுக்கு வரும் வழி அதுதான். எத்தனை உயர்ந்த சிஸ்டம் போட்டாலும் அந்த ஓட்டைகளை உலோகத் தகடு வைத்து அடைத்த பிறகே போடுங்கள்.

கே: சிஸ்டத்தை இயக்கக் கேபிள் இழுப்பதா, எலெக்ட்ரிக் பட்டனா?
– சென்னை வாசகர்

ப: இரண்டும் சரி. கேபிளைக் கூர்மையாக மடக்காமல் அகன்ற வளைவாகக் கொண்டுபோங்கள். எலெக்ட்ரிக் என்றால் அதற்கென்று தனி பேட்டரி இருக்க வேண்டும். கார் பேட்டரியை நம்பக் கூடாது. ஒவ்வொரு முறை டிராக்குக்குப் போகும்போதும் டெஸ்ட் விளக்கைப் பாருங்கள். உள்ளே பெல்ட் மாட்டிய நிலையில் பிடியோ பட்டனோ கைக்கு எட்ட வேண்டும். வெளியே மார்ஷலுக்கு (டிராக் பாதுகாப்புப் பணியாளருக்கு) இன்னொரு பிடி, அதன் பக்கத்தில் குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள வெள்ளை வட்டத்தில் சிவப்பு ‘E’ எழுத்து.

இதைவிட முக்கியம் கில் ஸ்விட்ச், அதாவது காரின் மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் ஸ்விட்ச். பேட்டரியை மட்டும் துண்டித்தால், ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஃப்யூவல் பம்ப் ஓடும் வரை தீக்கு நீங்களே பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

கே: சிஸ்டத்தின் பாட்டில் வாங்கி 6 வருடம். மீட்டர் முள் பச்சையில்தான் நிற்கிறது.
– ஓசூர் வாசகர்

ப: முள் அழுத்தத்தை மட்டுமே சொல்லும், உள்ளிருக்கும் மருந்தின் நிலையைச் சொல்லாது. 2 வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் என்பது விதி. கழற்றி அனுப்புங்கள்.

கே: எலெக்ட்ரிக் காருக்கும் இதே சிஸ்டம் உதவுமா?
– மதுரை வாசகர்

ப: லித்தியம் பேட்டரித் தீயை இது அணைக்காது. இறங்கி ஓட உதவலாம், அவ்வளவுதான்.

கே: சிஸ்டம் போட்டு முடித்தாயிற்று. இனி?
– திருச்சி வாசகர்

ப: இறங்கிப் பழகுங்கள். 2020 நவம்பர் 29 அன்று பஹ்ரைனில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமேன் குரோஷானின் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு எரிந்தது. இடது கால் சிக்கிக்கொள்ள, ஷூவை விட்டுவிட்டு 27 வினாடியில் தானே வெளியே வந்தார். சிஸ்டம் காரைக் காப்பாற்றுவதற்கு இல்லை. இதுபோன்ற சில வினாடிகளை உங்களுக்கு வாங்கித் தருவதற்கு. சிஸ்டம் தவறி இயங்காமல் தடுக்கும் சேஃப்டி பின்னைப் போட்டுவைத்து, முழு உடுப்போடு உட்காருங்கள். கில் ஸ்விட்ச், தீயணைப்புப் பிடி, பெல்ட், ஸ்டீயரிங், கதவு – இதே வரிசையில், ஒருவரை நேரம் பார்க்கச் சொல்லி. பிறகு கண்ணை மூடிக்கொண்டும் ஒருமுறை செய்யுங்கள், புகையில் எதுவும் தெரியாது. டிராக்கில் இறங்குமுன் அந்தப் பின்னைக் கழற்ற மறக்காதீர்கள்.