வீட்டில் ஸ்ப்ரே ஃபோம் (வெப்பம் கடக்காமலிருக்க சுவர், கூரைச் சட்டங்களுக்கிடையே பீய்ச்சும் நுரை) அடித்து மூன்று வாரமாகியும் மீன் நாற்றம் போகவில்லை, ஏன்?

ஒழுங்காக அடித்த ஃபோமில் வாடை ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூன்று வாரமாகியும் மீன்வாடை அடித்தால் ரசாயனம் முழுதாக வினைபுரியவில்லை என்றே சந்தேகப்பட வேண்டும். ஃபோமாக மாறும் இரு திரவங்களான ஐசோசயனேட்டும் பாலியாலும் கொள்ளளவில் 1:1 கலக்க வேண்டும். டிரம் குளிர்ந்திருந்தாலோ பம்பில் அழுத்தம் குறைந்தாலோ விகிதம் பிசகும்.

கத்தியால் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டிப் பாருங்கள். பிசுபிசுத்து மெத்தென்றிருந்தால் பாலியால் கூடுதல். கண்ணாடிபோல் நொறுங்கினால் ஐசோசயனேட் கூடுதல். நடுவில் பழுப்பேறிக் கருகியிருந்தால், ஒரே மூச்சில் தடிமனாக அடித்திருக்கிறார்கள். மூடிய செல் ஃபோமை (நுண்ணறைகள் மூடியிருக்கும் கெட்டியான வகை) ஒரு தடவைக்குச் சுமார் 2 அங்குலமே அடித்து, சூடு ஆறியபின்தான் அடுத்த அடுக்கு போட வேண்டும்.

மேலே பெயின்ட் பூசுவது தீர்வல்ல. கெட்ட பகுதியை மரச்சட்டம் தெரியும்வரை சுரண்டி எடுத்து, மறுபடி அடிக்கத்தான் வேண்டும். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்காதீர்கள், குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர்கள்.