அண்டர்கிரவுண்ட் மெட்டல், டார்க் ஃபோக் என்கிறார்களே, சமீபத்தில் வந்த ஆல்பங்களில் கேட்கிற மாதிரி ஏதாவது உண்டா? எல்லாம் வெறும் இரைச்சல்தானா?

முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தீர்கள் என்றால் நாலு பெயரை எழுதிவிட்டுப் போயிருப்பேன். "வெறும் இரைச்சல்தானா" என்று முடித்திருக்கிறீர்கள். அது எனக்கு வலிக்கிற இடம். பதினைந்து வருடமாக வீட்டில், விடுதியில், வேனில் என்று எல்லா இடத்திலும் இதே வார்த்தையைக் கேட்டு வருகிறேன். அதனால் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு: மெட்டல் என்றால் கிதார் கர்ஜிக்கிற கனத்த ராக் இசை, டார்க் ஃபோக் என்றால் இருட்டான நாட்டுப்புற இசை.

யாரோ அனுப்பிய பாட்டைச் செல்போன் ஸ்பீக்கரிலேயே போட்டு, பாடகர் கத்த ஆரம்பித்ததும் நிறுத்தியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். அப்படித்தான் என்றால் உங்கள் மேல் தப்பில்லை. செல்போனில் பேஸ் வரவே வராது. இந்த இசையில் பாதி உயிர் அந்தக் கீழ்ச் சத்தத்தில்தான் இருக்கிறது. சோற்றை விட்டுவிட்டு ஊறுகாயை மட்டும் அள்ளி வாயில் போட்டால் எரியத்தான் செய்யும்.

இதை ஏதோ இங்கிலீஷ் பாட்டு மோகத்தில் சொல்லவில்லை. எங்கள் குடும்பத் தொழில் மைக் செட். வத்தலக்குண்டு பக்கம் ஒரு ஊர். அப்பா ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கரோடு ஆரம்பித்தார். இன்றைக்கு நான் டிஜிட்டல் மிக்ஸரில் வேலை பார்க்கிறேன். காதுகுத்து, கல்யாணம், திருவிழா, சாவு வீடு, எல்லாவற்றுக்கும் போகிறோம். இளையராஜா பாட்டைப் போட்டுப் போட்டே ஸ்பீக்கர் பழகிய வீடு எங்களுடையது. "ராஜாவை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இதையெல்லாம் கேட்பாயா" என்று கமெண்டில் வரப் போகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் "கிழியுது" என்று ஒரு பேச்சு உண்டு. ஆம்ப்ளிஃபயர் தாங்குகிற அளவுக்கு மேல் கெயினை ஏற்றினால் ஒலி அலையின் மேடும் பள்ளமும் வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். அப்போது மூலக் குரலில் இல்லாத மேல் சத்தங்கள் புதிதாகக் கிளம்பும். கல்யாண வீட்டில் அது நடந்தால் அப்பாவிடம் குட்டு விழும். மெட்டல் கிதார்காரர் அதையே வேண்டுமென்று செய்து, அளவாகக் கையில் பிடித்து வைத்திருக்கிறார். ஒற்றைக் கம்பியை அடித்தால் ஒரு கூட்டமே பாடுகிற மாதிரி வருவது அதனால்தான். நமக்குப் பழுது, அவருக்கு வாத்தியம். இது புரிந்த நாளில் எனக்கு அந்த இசையின் கதவு திறந்தது.

புது ஆல்பத்துக்கு முன்னால் ஒரே ஒரு பழையதைக் கேட்டுவிட்டு வாருங்கள். நார்வேயின் உல்வர் குழு 1996-ல் வெளியிட்ட 'குவெல்ஸாங்கர்'. உல்வர் என்றால் ஓநாய்கள். அதற்கு முந்தைய வருடம் வந்ததிலும் பிளாக் மெட்டல் (வேகமான கிதார், கீச்சிக் கத்துகிற குரல் என்று இருட்டான வகை மெட்டல்) உண்டு, அடுத்த வருடம் வந்தது காதைப் பிய்க்கிற பதிவு. நடுவில் வந்த இதில் டிஸ்டார்ஷனே, அதாவது நான் மேலே சொன்ன அந்தக் கிழிசலே கிடையாது. அக்கூஸ்டிக் கிதார், செல்லோ, கோரஸாக மனிதக் குரல்கள், பெரும்பாலும் அவ்வளவுதான். பாடிய க்ரிஸ்டோஃபர் ரிக்குக்கு அப்போது இருபது வயது நிரம்பவில்லை. மெட்டலும் நாட்டுப்புறமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது இதைக் கேட்டால்தான் தெரியும்.

இனி நீங்கள் கேட்டது. சமீபத்தில் வந்தவற்றில் என்னை உலுக்கியது அயர்லாந்தின் லங்கம் குழுவினுடைய 'ஃபால்ஸ் லங்கம்'. 2023 மார்ச்சில் வந்தது. மெட்டல் ஆட்கள் சிலர் "அது வெறும் ஃபோக், இங்கே எதற்கு" என்பார்கள். குழுவில் பைப் வாசிக்கிற இயன் லிஞ்ச், 'ஒன் லெக் ஒன் ஐ' என்ற பெயரில் தனியாக வெளியிட்டிருப்பதைக் கேட்டுவிட்டு வந்து பேசட்டும். பிளாக் மெட்டலின் இருட்டு முழுக்க அதில் இருக்கிறது. லங்கத்தின் வாத்தியங்களைப் பாருங்கள்: அக்குளில் பை வைத்து அமுக்கி வாசிக்கிற ஐரிஷ் பைப், கான்சர்ட்டினா என்கிற சின்னத் துருத்திப் பெட்டி, பிடில், அப்புறம் நம் ஆர்மோனியப் பெட்டி. ஆர்மோனியத்தில் ஒரே கட்டையைப் பிடித்து விடாமல் காற்றடித்துக்கொண்டே இருப்பார்கள். டிரோன் என்கிறார்கள். நாம் சுருதி என்கிறோம்.

'ஃபால்ஸ் லங்கம்' ஆல்பத்தின் முதல் பாட்டு 'கோ டிக் மை கிரேவ்'. எட்டு நிமிடத்துக்கு மேல் போகும். ராடி பீட் என்கிற பெண் முதலில் தனியாகப் பாடுகிறார், எந்த மினுக்கும் இல்லாத தட்டையான குரல். காதலில் ஏமாந்து இறந்துபோகிற ஒரு பெண்ணின் பழைய கதைப் பாட்டு. பாதிக்கு மேல் பாட்டு நின்றுவிடும், சாவு வீடு ஆரம்பிக்கும். அடியில் ஒரு கொட்டு விழுந்துகொண்டே இருக்கும், அதன் மேல் பிடிலும் பைப்பும் அழும். அயர்லாந்தில் சாவு வீட்டில் பெண்கள் பாடி அழுகிற 'கீனிங்' மரபை மனதில் வைத்துத்தான் அந்த இரண்டாவது பாதியைச் செய்தார்கள்.

2023 ஆடியில் என் அப்பத்தா இறந்தார். எத்தனையோ எழவு வீட்டுக்கு செட் போட்ட அப்பா, தன் அம்மாவுக்கு மைக் கட்டவில்லை. "வேண்டாம், அவுக குரல் அப்படியே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். அப்பத்தாவைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்து பெரியம்மாக்களும் அத்தைகளும் ஒப்பாரி வைத்தார்கள். ஒப்பாரிக்கு மைக் வைத்தவர்களுக்குத் தெரியும், ஒரு முழமாவது தள்ளித்தான் வைக்க வேண்டும். வரி முடிகிற இடத்தில் குரல் சட்டென்று ஏறி உடையும், கிட்ட வைத்தால் கிழிந்துவிடும். அன்றைக்கு மைக் இல்லாமல் கேட்டபோதுதான் கவனித்தேன், ஒருவர் குரல் உடைகிற இடத்தில் இன்னொருவர் அந்தச் சுருதியைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறார். நடுவில் இடைவெளியே விழுவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, நானும் அப்பாவும் செட் ரூமில் வயர் சுற்றிக்கொண்டிருந்தோம். நான் ஹெட்போனில் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கண் கலங்கியிருந்தது போல. அப்பா கையை நீட்டினார், கழற்றிக் கொடுத்தேன். பாட்டை முதலிலிருந்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "யாருடா இது, இந்த அழுகை அழுகுது?" என்றார்.

"அயர்லாந்துப்பா."

"அங்கேயும் ஒப்பாரி உண்டா?"

"இருந்துச்சுப்பா. சர்ச்சுல கூடாதுன்னு சொல்லிச் சொல்லி விட்டுப்போச்சு. இவங்க அதை வெச்சு வாசிக்கிறாங்க."

அப்பா பதில் சொல்லவில்லை. அவர் கை பழக்கதோஷத்தில் மிக்ஸர் பக்கம் போனது. எந்தப் பாட்டைக் கேட்டாலும் முதலில் லோவை, அதாவது அடிச் சத்தத்தை, கொஞ்சம் குறைப்பார், நாற்பது வருடப் பழக்கம். கை குமிழ் மேல் இருந்தது, திருப்பவில்லை. அந்த அடிச் சத்தம் முழுசாகப் போய் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றார். "பொட்டிக்காரன் சுருதியை விடவே இல்ல" என்று சொல்லி ஹெட்போனைக் கொடுத்துவிட்டு, மறுபடி வயர் சுற்ற உட்கார்ந்தார். அப்பத்தா செத்த பிறகு அன்றைக்குத்தான் அவர் அழுது பார்த்தேன்.

ஒரு ஆல்பத்துக்கு இவ்வளவு எழுதிவிட்டேன், மற்றதைச் சுருக்கிக்கொள்கிறேன்.

மெட்டலில் என்றால் அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்காரர்கள் பிளட் இன்கான்டேஷன் 2024 அக்டோபரில் வெளியிட்ட 'அப்ஸல்யூட் எல்ஸ்வேர்'. மொத்தமே இரண்டு பாட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று பகுதி. பெர்லினில் ஹான்ஸா ஸ்டுடியோவில் போய்ப் பதிவு செய்தார்கள். ஜெர்மனியின் எலக்ட்ரானிக் இசைக் குழுவான டாஞ்ஜரின் ட்ரீமின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் ஒரு பகுதியில் சின்தசைஸர் வாசிக்கிறார். டெத் மெட்டல் என்கிற உறுமல் வகை மெட்டலிலிருந்து மிதக்கிற இசைக்கு மாறுகிற இடங்களில் ஒட்டுப் போட்ட தழும்பு தெரியவில்லை. "பிங்க் ஃபிளாய்ட் என்கிற பழைய ராக் குழுவை ஒட்டவைத்திருக்கிறார்கள்" என்று குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிளட் இன்கான்டேஷன் 2022-லேயே மெட்டலே இல்லாமல், சின்தசைஸரைப் பிரதானமாக வைத்து ஒரு ஆல்பம் போட்டது. திடீர் ஆசையில் செய்தவர்கள் இல்லை.

நியூசிலாந்தின் அல்சரேட் குழுவின் 'கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்', அதே 2024. பெயரைப் பார்த்து சாமி கும்பிடுகிறவர்கள் கோபப்பட வேண்டாம், நானும் வாரா வாரம் கோயிலுக்குப் போகிறவன்தான். மூன்றே பேர். ட்ரம்மர் ஜேமி செயின்ட் மெராட் ஒலிப்பதிவு வேலையையும் தானே பார்க்கிறார். அவ்வளவு வேகமான அடியில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, மணி கோத்த மாதிரி விழுவதைக் கேட்டு நான் ஒரு நாள் முழுக்க வேலை செய்யாமல் இருந்தேன். தன் வாத்தியம் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவன் கையிலேயே மிக்ஸிங் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

ஒலி வேலை என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பாடுகிறவனுக்கு மாலை போடுகிறோம், அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வியர்வை சிந்துகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போன வருடம் ஒரு தனியார் கல்லூரி ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் செட் போட்டோம். சாப்பாட்டுக்குப் போனால், "செட்டுக்காரங்க அப்புறம், கெஸ்ட் எல்லாம் சாப்பிடட்டும்" என்று ஒரு பேராசிரியர் என் அப்பாவை வாசலில் நிறுத்தினார். அப்பாவுக்கு அறுபத்து மூன்று வயது. கடைசிப் பந்தியில் ரசம் மட்டும்தான் மிச்சம். பாக்கிப் பணம் நாலு மாதம் கழித்து, அதுவும் பிடித்தம் போக வந்தது. கேட்டால் "மைக் ஒரு தடவை கூவுச்சே" என்றார்கள். மேடையில் இருந்தவர் மைக்கைக் கொண்டுபோய் ஸ்பீக்கர் முன்னால் நீட்டினால் கூவத்தான் செய்யும். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதை எங்கே போய்ச் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஆஸ்டின் லன், 'பனாப்டிகான்' என்ற பெயரில் ஏறத்தாழ எல்லா வாத்தியத்தையும் தானே வாசிக்கிறவர். 2023-ல் வந்த 'த ரைம் ஆஃப் மெமரி' நல்ல பனிக்கால ஆல்பம். ஆனால் என் கணக்கில் 2012-ல் வந்த 'கென்டக்கி'யை அவரே இன்னும் தாண்டவில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளின் போராட்டத்தைப் பற்றியது. பிளாக் மெட்டலுக்கு நடுவில் பாஞ்சோ என்கிற அமெரிக்க நாட்டுப்புறக் கம்பி வாத்தியம் வரும், சுரங்கத் தொழிலாளிகளின் பேச்சுக் குரல் வரும். 1931-ல் ஹார்லன் மாவட்ட வேலைநிறுத்தத்தின்போது ஃபிளாரன்ஸ் ரீஸ் என்ற தொழிலாளியின் மனைவி எழுதிய பாட்டையும் பாடியிருக்கிறார். தொழிற்சங்கப் பாட்டும் பிளாக் மெட்டலும் ஒட்டாது என்று யாராவது சொன்னால் இதைக் கையில் கொடுப்பேன்.

நார்வேயின் வார்ட்ருனா குழுவின் 'பிர்னா', 2025 ஜனவரி. பெண் கரடி என்று அர்த்தம். எல்லாரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு மனம் நிறையவில்லை. ஐனார் செல்விக்கின் உழைப்பைக் குறை சொல்லவில்லை, லயர் என்கிற பழைய நரம்பு வாத்தியத்தையும் ஆட்டுக்கொம்பையும் மறுபடி மேடையேற்றியவர் அவர். கரடியின் குளிர்கால உறக்கத்தைச் சொல்கிற பதினைந்து நிமிடப் பாட்டு அருமை. மற்றவற்றில் மெருகு கூடிவிட்டது, மரத்தின் சிராய் கையில் குத்தவில்லை. 2009-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் அது குத்தும். ரசிகர்கள் சண்டைக்கு வராதீர்கள், இது என் காது சொல்வது. அந்த வகை மரச் சத்தம் வேண்டுமென்றால் ஃபின்லாந்தின் டென்ஹி குழு, பன்னிரண்டு வருட மௌனத்துக்குப் பிறகு 2023-ல் கொடுத்த 'வால்காமா'வைக் கேளுங்கள். மழை நாளில் கேளுங்கள்.

"இந்தப் பிளாக் மெட்டல்காரர்கள் சர்ச் எரித்தவர்கள் அல்லவா" என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். ஆமாம், 1992-ல் பெர்கனில் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயத்தை எரித்ததிலிருந்து நார்வேயில் அந்தக் கொடுமை நடந்தது. கொலையும் நடந்தது. நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். இன்றைக்கும் இனவெறி பேசுகிற குழுக்கள் பிளாக் மெட்டலில் உண்டு. அதனால் ஒரு குழுவுக்குக் காசு கொடுக்கும் முன் அவர்கள் யார், எந்த நிறுவனத்தில் வெளியிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். மேலே சொன்ன ஆல்பங்கள் பிடித்திருந்தால் இசைக் குழுக்களே ஆல்பம் விற்கிற இணையதளமான பேண்ட்கேம்பில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் பெரும்பகுதி இசைத்தவர் பக்கம் போகும். நல்ல ஹெட்போன் இல்லையென்றால் நண்பரிடம் ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்குங்கள், ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிடுங்கள்.

போன வாரம் நத்தத்தில் ஒரு கல்யாணம் முடித்துத் திரும்பும்போது, "அந்த எழவுப் பாட்டுப் பொண்ணு வேற ஏதும் பாடியிருக்கா?" என்று அப்பாவே கேட்டார். லங்கத்தின் 2019 ஆல்பம் 'த லிவ்லாங் டே' பென் டிரைவில் இருந்தது. அதன் முதல் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். வேனில் போட்டேன். சிறுமலை அடிவாரம் தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.