திருப்பூர் பனியன் கம்பெனி வேலைகளுக்குன்னு ஒரு வெப்சைட் பண்ணணும், எங்க இருந்து ஆரம்பிக்கறது?

கோடிங்ல இருந்து ஆரம்பிக்காதீங்க ப்ரோ. காலி சைட்டுக்கு ஆள் வராது, ஆள் வராத சைட்டுல கம்பெனிக்காரங்க வேலை போடமாட்டாங்க, அதனால முதல்ல நீங்களே கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கி கேட்ல தொங்குற 'ஆட்கள் தேவை' போர்டை பாத்து, உள்ள கேட்டு உறுதி பண்ணிட்டு ஒரு 50 வேலையாவது ஏத்துங்க.

'டெய்லர்'னு ஒரே கேட்டகிரி வெச்சீங்கன்னா செத்தீங்க. ஓவர்லாக்காரர் வேற, பேட்லாக்காரர் வேற (ரெண்டும் வேற வேற தையல் மெஷின்), செக்கிங், அயர்னிங், கைமடி எல்லாம் தனி. பீஸ் ரேட்டா ஷிப்ட் சம்பளமா, ரூம் உண்டாங்கறதுக்கு தனித்தனி பீல்டு கட்டாயம், ஏன்னா ஆளுங்க கேக்குற முதல் கேள்வியே அதான். ரெஸ்யூம் அப்லோடு எல்லாம் வேண்டவே வேண்டாம் (யாருகிட்ட இருக்கு?), ஒரு கால் பட்டன் போதும்.

கூகுள் தேடல்ல வேலையா தெரியணும்னா ஒவ்வொரு வேலைக்கும் தனி பேஜ், அதுல ஜாப்போஸ்டிங் (JobPosting) ஸ்கீமா, அதாவது இது வேலை விளம்பரம்னு கூகுளுக்கு புரிய வைக்கிற கோடு. தலைப்பு, விவரம், போட்ட தேதி, கம்பெனி பேரு, இடம் அஞ்சும் இருக்கணும். ஆள் எடுத்து முடிஞ்ச வேலைய தூக்காம விட்டா கூகுளே உங்க சைட் மேல நடவடிக்கை எடுக்கலாம், அதனால 15 நாள்ல தானா எக்ஸ்பயர் ஆகுற மாதிரி வெச்சிருங்க.

வேலை தேடுறவங்ககிட்ட மட்டும் காசு வாங்கிடாதீங்க.